மூன்று எழுத்தும் நான்கு நாற்காலியும்

அப்ரைசர் என்றால் நம்ம ஊரில் முதலில் நினைவுக்கு வருபவர், வங்கியின் நகைக்கடன் பிரிவில் சின்ன மேஜை போட்டு உட்கார்ந்திருப்பவர்தான். உரைகல்லில் நகையைத் தேய்த்து, ஒரு சொட்டு அமிலம் விட்டுப் பார்த்து, எடையும் தரமும் எழுதிக் கொடுப்பார். பெரும்பாலும் அவர் வங்கியின் ஊழியர்கூடக் கிடையாது, கமிஷனுக்கு வேலை பார்ப்பவர். ஆனால் அவர் எழுதும் எண்ணை வைத்துத்தான் மேனேஜர் கையெழுத்துப் போடுவார். கடன் கேட்பவருக்கு எண் கூடுதலாக வரணும், வங்கிக்கு எண் சரியாக இருக்கணும். நடுவில் இவர்.

அமெரிக்காவில் இதே நடுவாள் வேலையை வீட்டுக்கும் நிலத்துக்கும் செய்பவர்கள் ரியல் எஸ்டேட் அப்ரைசர்கள். அவர்களுடைய பெரிய சங்கத்தின் பெயர் அப்ரைசல் இன்ஸ்டிடியூட், தலைமையகம் சிகாகோ. கொஞ்ச நாளாக இந்தச் சங்கத்தின் தலைமைச் சண்டைகளைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். "ஊர்ல இருக்கற சங்கத்துச் சண்டையெல்லாம் போதாதா?" என்று வீட்டில் கேட்டாச்சு. நியாயமான கேள்விதான்.

நான் இதற்குள் வந்த வழி வேறு. அமெரிக்க நகரங்களில் கறுப்பர் பகுதிகளுக்கு வீட்டுக்கடன் மறுக்கப்பட்ட வரலாற்றைப் படிக்கும்போது, அடிக்குறிப்புகளில் இந்தச் சங்கத்தின் பழைய பெயர் திரும்பத் திரும்ப வந்தது. யார் இவர்கள் என்று தேடப் போனேன். 2025இல் அதே சங்கத்தின் முன்னாள் சிஇஓ தொடுத்த வழக்கு செய்தியாகியிருந்தது. ஐம்பது வருட இடைவெளியில் இரண்டு முறை ஒரு சங்கம் நீதிமன்றத்தில் நிற்கிறது, இரண்டு முறையும் உள்ளே பேசித் தீர்த்திருக்க வேண்டிய விஷயத்துக்கு. ஏன் உள்ளே பேச முடியவில்லை என்பதுதான் என் கேள்வி. எனக்குக் கிடைத்த விடை, இங்கே இருக்கும் மனிதர்களைவிட இங்கே இருக்கும் மூன்று எழுத்துகளையும் நான்கு நாற்காலிகளையும் பற்றியது.

முதலில் எழுத்துகள்.

1932இல், பெருமந்தத்தின் நடுவில், வீட்டுத் தரகர்களின் தேசியச் சங்கத்தின் கிளையாக அமெரிக்கன் இன்ஸ்டிடியூட் ஆஃப் ரியல் எஸ்டேட் அப்ரைசர்ஸ் உருவானது. நிலத்தின் விலை பாதாளத்துக்குப் போயிருந்த காலம். எது உண்மையான மதிப்பு, யார் சொன்னால் நம்பலாம் என்று யாருக்கும் தெரியவில்லை. சங்கம் ஒரு பட்டம் கொடுத்தது: எம்.ஏ.ஐ. சங்கத்தின் உறுப்பினர் என்பதற்கு மேல் அந்த எழுத்துகளுக்கு விரிவு ஒன்றும் இல்லை. ஆனால் பெயருக்குப் பின்னால் அது இருந்தால் வங்கிக்காரர் அறிக்கையைப் பிரித்துப் பார்ப்பார். 1935இல் வீட்டுக்கடன் சங்கங்களின் ஆதரவோடு இன்னொரு சங்கம் வந்தது. பிற்பாடு அதன் பெயர் சொசைட்டி ஆஃப் ரியல் எஸ்டேட் அப்ரைசர்ஸ். அவர்கள் பங்குக்கு எஸ்.ஆர்.ஏ. என்ற பட்டம். பொதுவாகச் சொன்னால் எம்.ஏ.ஐ. என்பது அலுவலகக் கட்டடம், ஹோட்டல், தொழிற்சாலை மாதிரி வணிகச் சொத்துகளை மதிப்பிடுபவர்களின் அடையாளம். எஸ்.ஆர்.ஏ. வீடுகளுக்கு.

அந்தத் தொழிலில் ஒரு பழைய கிண்டல் உண்டு. எம்.ஏ.ஐ. என்ற ஆங்கில எழுத்துகளுக்கு 'சொன்னபடி செய்து கொடுத்தது' என்று விரிவு சொல்வார்கள். அதாவது வங்கி எந்த எண்ணைக் கேட்டதோ அந்த எண். சிரிப்பாக இருக்கலாம், ஆனால் தொழிலின் மொத்தச் சங்கடமும் இதில் இருக்கிறது. வேலை கொடுப்பவருக்கு ஒரு எண் வேண்டும், வேலை செய்பவர் அதற்கு அடங்காமல் இருக்கணும். தனி ஆளாக நின்று இதைச் செய்வது கஷ்டம். பின்னால் ஒரு சங்கம் நிற்கணும். அதனால்தான் சங்கத்தின் தலைமையில் யார் இருக்கிறார் என்பது வெறும் மாலை, மேடை விஷயம் இல்லை.

இனி அந்த அடிக்குறிப்புகளின் கதை. 1933இல் ஹோமர் ஹாய்ட் என்பவர் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாக, அந்நகரத்தின் நூறு வருட நில மதிப்புகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் இனங்களையும் நாட்டவர்களையும், அவர்கள் குடியேறினால் நில மதிப்புக்கு என்ன ஆகும் என்ற கணக்கில் மேலிருந்து கீழாக வரிசைப்படுத்திய பட்டியல் ஒன்று வரும். மேலே ஆங்கிலேயர், ஜெர்மானியர், ஸ்காட்லாந்துக்காரர். அடியில் கறுப்பர்களும் மெக்சிகர்களும். 1934இல் தொடங்கிய மத்திய வீட்டுவசதி நிர்வாகத்தில் பிறகு ஹாய்ட் வேலை பார்த்தார். அதே நிர்வாகத்தின் கடன் மதிப்பீட்டு விதிகளை உருவாக்கியவர் ஃபிரெடரிக் பாப்காக். 1932இல் வந்த அவருடைய மதிப்பீட்டு நூலும் இதே பார்வை கொண்டதுதான். ஒரு தெருவில் ஒரே இனத்தவர் இருந்தால் மதிப்பு நிலைக்கும், கலந்தால் சரியும் என்பது கருத்து என்ற நிலையிலிருந்து பாடம் என்ற நிலைக்கு ஏறியது. பாடப்புத்தகத்தில் ஏறிய பிறகு அது தேர்வுக்கு வரும். தேர்வில் பாஸானால்தான் பட்டம்.

இப்படியே நாற்பது வருடம். 1968இல் நியாய வீட்டுவசதிச் சட்டம் வந்தது. 1976இல் அமெரிக்க நீதித்துறை இரண்டு மதிப்பீட்டாளர் சங்கங்கள் மீதும், கூடவே கடன் கொடுப்பவர்களின் இரண்டு சங்கங்கள் மீதும் வழக்குப் போட்டது. இனத்தை மதிப்பைக் குறைக்கும் காரணியாகக் கற்பித்தார்கள் என்பது குற்றச்சாட்டு. தனி மதிப்பீட்டாளர் ஒருவர் செய்த தவறுக்காக இல்லை, சங்கம் சொல்லிக்கொடுத்ததற்காகவே வழக்கு என்பதைக் கவனியுங்க. 1977இல் இன்ஸ்டிடியூட்டின் தலைமை சமரசத்துக்கு ஒப்புக்கொண்டது. ஒரு பகுதி மக்கள் ஒரே இனமாக இருந்தால்தான் உச்ச மதிப்பு என்ற அனுமானத்தில் முடிவு எழுதக் கூடாது என்ற கொள்கையை ஏற்றது. பாடப்புத்தகமும் வகுப்புகளும் திருத்தப்பட்டன.

அந்த வழக்கில் எனக்குச் சுவாரசியமான பகுதி வேறு. சங்கத்தின் சொந்த உறுப்பினர் ஒருவரே குறுக்கே வந்து, இந்தச் சமரசத்தில் கையெழுத்திட ஆட்சிக்குழுவுக்கு அதிகாரம் ஏது, என் பேச்சுரிமை என்னாவது என்று நீதிமன்றத்தில் எதிர்த்தார். சமரசத்தை நீதிபதி ஏற்றுக்கொண்டார். அந்த உறுப்பினரின் வாதம் எனக்கு உவப்பானது இல்லை. ஆனால் தன் தலைமையோடு பேச அவர் தேர்ந்தெடுத்த இடத்தைப் பாருங்க: பொதுக்குழு இல்லை, சிகாகோவின் மத்திய நீதிமன்றம். இந்தச் சங்கத்தில் பெரிய வாக்குவாதம் என்று வந்தால் அது எப்போதும் வெளியில்தான் கேட்கிறது.

அடுத்த அடி பணத்திலிருந்து வந்தது. 1980களில் சேமிப்பு-கடன் சங்கங்கள் கொத்துக்கொத்தாகக் கவிழ்ந்தன. 1986க்கும் 1995க்கும் இடையில் ஆயிரத்துக்கும் மேல். வரி கட்டுபவர்கள் சுமார் 12,400 கோடி டாலர் கொடுத்துத் துடைக்க வேண்டியதாயிற்று. ஊதிப் பெருக்கிய மதிப்பீட்டு அறிக்கைகளும் காரணம் என்று ஜார்ஜியா மாநில எம்.பி. டக் பர்னார்ட் தலைமையிலான துணைக்குழு 1986இல் அறிக்கை கொடுத்தது. மத்திய அரசு கையை வைக்கப் போகிறது என்று தெரிந்ததும் தொழில் அவசர அவசரமாகத் தன்னைத் திருத்திக்கொள்ளப் பார்த்தது. பல சங்கங்கள் கூடி ஒரு பொது விதித்தொகுப்பு எழுதின. அதுதான் இன்றுவரை இருக்கும் யூஸ்பேப். அதைப் பராமரிக்க 1987இல் அப்ரைசல் ஃபவுண்டேஷன் என்ற தனி அமைப்பு. 1989 ஆகஸ்ட்டில் மூத்த புஷ் கையெழுத்திட்ட சட்டம், மதிப்பீட்டாளர்களுக்கு மாநில உரிமம் வேண்டும் என்றது. யூஸ்பேப்புக்குச் சட்ட பலம் வந்தது.

அந்தச் சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பிரிவு இருக்கிறது. ஒரு சங்கத்தில் உறுப்பினர் என்பதற்காகவோ, உறுப்பினர் இல்லை என்பதற்காகவோ மட்டும் உரிமம் பெற்ற மதிப்பீட்டாளரை மத்திய அமைப்புகள் ஒதுக்கக் கூடாது என்கிறது அது. இரண்டு வரிதான். ஆனால் ஐம்பத்தைந்து வருடத்துக்கும் மேலாகச் சங்கம் சேர்த்து வைத்திருந்த சொத்தில் பாதியை அந்த இரண்டு வரி எடுத்துக்கொண்டது. அதுவரைக்கும் 'நான் தகுதியானவன்' என்று சொல்ல எழுத்துகள் வேண்டும். இனி மாநில அரசின் சான்றிதழ் போதும்.

1991 ஜனவரியில் இரண்டு சங்கங்களும் ஒன்றாகி அப்ரைசல் இன்ஸ்டிடியூட் ஆனது இந்தச் சூழலில்தான். எம்.ஏ.ஐ.யும் எஸ்.ஆர்.ஏ.யும் ஒரே கூரைக்குக் கீழே. வெளியிலிருந்து பார்த்தால் பலம். உள்ளே இரண்டு விதமான உறுப்பினர்கள், இரண்டு விதமான தேவை. இங்கிருந்துதான் எனக்குக் கதை புரிய ஆரம்பித்தது.

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளாதார அறிஞர் 1970இல் வெளியேற்றம், குரல், விசுவாசம் என்ற மூன்றை வைத்து ஒரு சின்ன புத்தகம் எழுதினார். நைஜீரிய ரயில்வேயைப் பார்த்து வந்த யோசனை. ரயில் மோசமாகிக்கொண்டே போகிறது, ஆனால் யாரும் கத்தவில்லை. காரணம், கத்தக்கூடியவர்கள் எல்லாம் சரக்கை லாரியில் ஏற்றிவிட்டார்கள். மிச்சமிருப்பவர்களுக்குக் கத்தி வாங்கும் சக்தி இல்லை. அதனால் ரயில் இன்னும் மோசமானது. வெளியேறும் வழி இருந்தால் நிறுவனம் திருந்தும் என்று நாம் நினைப்போம். சில சமயம் அந்த வழியே நிறுவனத்தைக் காப்பாற்றியிருக்கக்கூடிய குரலை வெளியே கொண்டுபோய்விடும்.

அப்ரைசல் இன்ஸ்டிடியூட்டில் நடந்தது இதன் இரட்டிப்பு. வீடுகளை மதிப்பிடுபவருக்கு மாநில உரிமம் இருந்தால் வேலை ஓடும். சந்தா கட்டுவது அவருக்குப் பெருமை, கட்டாயம் இல்லை. சங்கம் பிடிக்கவில்லை என்றால் அடுத்த வருடம் சந்தா கட்டாமல் விட்டுவிடலாம். எம்.ஏ.ஐ. வைத்திருப்பவர் கதை அப்படி இல்லை. கல்லூரிப் பட்டம், பல வகுப்புகள், பெரிய தேர்வு, ஆயிரக்கணக்கான மணி நேர அனுபவம் என்று வருடக்கணக்கில் உழைத்து வாங்கியது. மத்திய அமைப்புகளுக்குத்தான் அந்த 1989 தடை. பெரிய வணிகச் சொத்து வேலைகளில் 'எம்.ஏ.ஐ. இருந்தால் நல்லது' என்று கேட்கும் வாடிக்கையாளர்கள் இன்னமும் உண்டு, நீதிமன்றச் சாட்சியத்திலும் அந்த எழுத்துகளுக்கு எடை உண்டு. சங்கத்தை விட்டால் எழுத்து போய்விடும். கார் வாங்கிக் கட்டிய தவணையை நடுவில் விடுவது மாதிரி இல்லை, தவணை முழுக்கக் கட்டிய பிறகும் சாவி கம்பெனியிடமே இருப்பது மாதிரி.

ஆக, போக முடிந்தவர்கள் சத்தம் போடாமல் போய்விட்டார்கள். போக முடியாதவர்கள் சத்தம் போடத் தயங்கினார்கள். சங்கமே தன் செய்திக் குறிப்புகளின் அடியில் போட்டுக்கொள்ளும் உறுப்பினர் எண்ணிக்கையை வருட வாரியாகப் பார்த்தால் இது தெரியும். 2010 வாக்கில் ஏறக்குறைய 25,000 என்று இருந்தது, 2020களின் தொடக்கத்தில் 17,000, 16,000 என்று இறங்குகிறது. ஒவ்வொரு குறிப்பிலும் அந்த எண் பெருமையோடுதான் இருக்கும், அது ஒரு தனி அழகு.

இப்போது நாற்காலிகள்.

சங்கத்தின் மேல்மட்டத்தில் நான்கு பொறுப்பு: துணைத் தலைவர், அடுத்த தலைவர், தலைவர், முந்தைய தலைவர். இதில் போட்டி என்று நடப்பது ஒரே ஒரு இடத்தில்தான், அடிப்படியில். தேசிய நியமனக் குழு ஒருவரைத் துணைத் தலைவராக முன்மொழியும், இயக்குநர் குழு தேர்ந்தெடுக்கும். அதன் பிறகு எஸ்கலேட்டர்தான். அடுத்த வருடம் அடுத்த தலைவர், அதற்கடுத்த வருடம் தலைவர், அதற்குப் பிறகு ஒரு வருடம் முந்தைய தலைவர். ஆக நான்கு வருடம்.

இப்படி ஓர் ஏணி வைப்பதில் நியாயம் இருக்கிறது. எல்லாரும் தொழில் நடத்திக்கொண்டே வரும் தன்னார்வலர்கள். திடீரென்று ஒருவரைத் தலைவராக்கினால் விழிப்பார், பழகிக்கொள்ள இரண்டு வருடம் கொடுக்கலாம். அமெரிக்கத் தொழில் சங்கங்கள் பலவற்றில் இது சகஜம். ஆனால் விளைவைப் பாருங்க. தலைவர் பதவிக்கு எந்த வருடமும் இரண்டு பேர் எதிரெதிராக நின்று 'சங்கம் இந்தப் பக்கம் போகணும்' என்று வாதாடுவது கிடையாது. இன்றைய தலைவரின் பக்கத்து நாற்காலியில் போன வருடத் தலைவர், மறுபக்கம் அடுத்த வருடத் தலைவர். உங்களுக்கு ஒருவரோடு தகராறு என்றால், அவரோடு இன்னும் மூன்று வருடம் ஒரே மேஜையில் உட்காரணும். எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் பேசாமல் இருப்பதற்கே பழகிவிடுவார்கள். எங்கள் அடுக்குமாடிச் சங்கத்தில் பத்து வருடமாகத் தலைவரும் செயலாளரும் நாற்காலியை மட்டும் மாற்றிக்கொள்கிறார்கள். கணக்கு கேட்டால் "அடுத்த மீட்டிங்ல பேசலாம்". அங்கே தலை எண்ணிக்கை நாற்பது என்பதுதான் வித்தியாசம்.

ஏணிக்குப் பக்கத்தில் சம்பளம் வாங்கும் ஒரு சிஇஓ. தலைவர்கள் வருடா வருடம் மாறுவார்கள், சிஇஓ இருப்பார். அப்போது யார் யாருக்குப் பதில் சொல்வது? 2018 முதல் சில வருடங்கள் இதற்குச் சங்கம் கண்ட விடை வினோதமானது: முன்னாள் தலைவர் ஒருவரே சிஇஓ ஆனார். ஏணியில் ஏறி இறங்கியவர் பக்கத்து நாற்காலிக்கு மாறினார். அவருடைய திறமையைப் பற்றி எனக்கு எந்தக் கருத்தும் இல்லை. ஆனால் கண்காணிக்க வேண்டியவரும் கண்காணிக்கப்பட வேண்டியவரும் ஒரே படிக்கட்டில் வந்தவர்கள் ஆகிவிட்டார்கள்.

இந்த அமைப்பில் சண்டை எங்கே போகும்? மூன்று இடங்களுக்குப் போனது.

ஒன்று, வெளி அமைப்புகளோடு. தானும் சேர்ந்து பெற்ற பிள்ளையான அப்ரைசல் ஃபவுண்டேஷனோடு 2010இல் முட்டிக்கொண்டு சங்கம் அதை விட்டு விலகியது. தொழில் நடைமுறை பற்றி வழிகாட்டுதல் கொடுக்க ஃபவுண்டேஷன் ஒரு புதுக் குழுவை அந்த வருடம் அமைத்திருந்தது. வழிகாட்டுதல், பாடம், புத்தகம் எல்லாம் இன்ஸ்டிடியூட்டின் பிழைப்பு. எல்லை மீறல் என்று இவர்கள் சொன்னதில் கொள்கையும் இருந்தது, கல்லாப்பெட்டியும் இருந்தது. 2015இல் யூஸ்பேப்புக்குப் பக்கத்திலேயே தன் சொந்த மதிப்பீட்டுத் தரநிலைகளையும் வெளியிட்டது. எழுத்து போனால் விதியையாவது கையில் வைத்துக்கொள்ளலாம் என்ற முயற்சியாகத்தான் நான் இதைப் படிக்கிறேன்.

இரண்டு, கிளைகளோடு. ஒவ்வொரு ஊர்ப் பகுதிக்கும் ஒரு கிளை, கிளைக்குத் தனி நிதி. வகுப்பு நடத்தி, கூட்டம் போட்டு, வருடக்கணக்கில் சேர்த்த பணம். 2016இல் அந்த நிதியைத் தேசியத் தலைமையின் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவரும் திட்டம் வந்தபோது கிளைகள் கொதித்தன. நியூயார்க் மதிப்பீட்டாளர் ஜோனதன் மில்லர் தன் வாராந்திரக் கடிதத்தில் இதையெல்லாம் விடாமல் எழுதினார். சங்கத்தின் உள்விவகாரத்தை உறுப்பினர்களே வெளியாள் ஒருவரின் கடிதத்தைப் படித்துத் தெரிந்துகொள்ளும் நிலை. சிகாகோவில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தங்கள் அன்றாடக் கவலை தெரியவில்லை என்ற கோபம் அதற்கு முன்பே வீடு மதிப்பிடுபவர்களிடம் இருந்தது. 2009க்குப் பிறகு வங்கிக்கும் மதிப்பீட்டாளருக்கும் நடுவில் மேலாண்மைக் கம்பெனிகள் புகுந்து, வாடிக்கையாளர் கட்டும் கட்டணத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ள ஆரம்பித்திருந்தன. வருமானம் குறைந்த நேரத்தில் சந்தா மட்டும் குறையவில்லை.

மூன்றாவது இடம், நீதிமன்றம். 2023இல் வெளியிலிருந்து சிண்டி சான்ஸ் என்பவரை சிஇஓவாகக் கொண்டுவந்தார்கள். ஏணியில் ஏறாதவர், மதிப்பீட்டாளர் கூட்டத்துக்குப் புதியவர். 2024இல் அவரை நீக்கினார்கள். 2025இல் அவர் வழக்குப் போட்டார். சங்கத்தின் தலைமை வரிசையில் இருந்த ஒருவர் தன்னைத் தகாத முறையில் தொட்டதாகவும், அதைப் புகாராக எடுத்துச் சொன்ன பிறகே தன் வேலை போனதாகவும் அவர் சொல்கிறார். இவை வழக்கில் வைக்கப்பட்ட குற்றச்சாட்டுகள், எதிர்த்தரப்பு மறுக்கிறது. தீர்ப்பு சொல்வது என் வேலை இல்லை, அதனால் அந்த மனிதரின் பெயரையும் இங்கே எழுதவில்லை. நான் பார்ப்பது பாதையை மட்டும். அப்படி ஒரு புகார் உண்மையோ பொய்யோ, அது முதலில் போய்ச் சேரும் மேஜையைச் சுற்றி யார் இருப்பார்கள்? அதே நான்கு நாற்காலி. விசாரிப்பவர், புகாருக்கு உள்ளானவர், அடுத்த வருடம் விசாரிக்கப் போகிறவர் எல்லாம் ஒரே எஸ்கலேட்டரில் நிற்பவர்கள். குற்றமற்ற ஒருவருக்கும் இந்த அமைப்பு உதவாது. உள்ளே விசாரித்து 'தவறில்லை' என்று சொன்னாலும் வெளியே யார் நம்புவார்கள்?

இன்னொரு பூட்டும் இருக்கிறது. உறுப்பினர்கள் மீதான தொழில்முறைப் புகார்களைச் சங்கம் சக உறுப்பினர்களைக் கொண்டே விசாரிக்கிறது, அந்த விசாரணை ரகசியமானது. மருத்துவர், வக்கீல் சங்கங்களிலும் இது உண்டு, காரணமும் உண்டு. ஆனால் வருடக்கணக்கில் ரகசியமாக விசாரித்துப் பழகிய ஒரு அமைப்பு, தன் தலைவர்கள் விஷயம் வரும்போது மட்டும் ஜன்னலைத் திறக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

இதெல்லாம் சிகாகோவில் சில நூறு பேரின் விவகாரம்தானே என்றால், இல்லை. கடந்த சில வருடங்களில் அமெரிக்கச் செய்திகளில் திரும்பத் திரும்ப வந்த ஒரு காட்சி உண்டு. ஒரு கறுப்பினக் குடும்பம் வீட்டை மதிப்பிட வைக்கிறது, எண் குறைவாக வருகிறது. சுவரில் இருக்கும் குடும்பப் படங்களைக் கழற்றி வைத்துவிட்டு, வெள்ளை நண்பர் ஒருவரைக் கதவு திறக்கச் சொல்லி, இன்னொரு மதிப்பீட்டாளரை வரவழைக்கிறது. எண் எகிறுகிறது. 2021இல் பைடன் அரசு இதற்கென்றே ஒரு பணிக்குழு அமைத்தது. இந்தத் தொழிலில் பத்துக்கு ஒன்பது பேருக்கும் மேல் வெள்ளையர். உள்ளே வர வேண்டுமானால், ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஒருவர் உங்களைப் பயிற்சியாளராக ஏற்றுக்கொள்ளணும். அவர் தன் மகனையோ மருமகனையோ ஏற்றுக்கொள்வார், ஊர் பேர் தெரியாத ஒருவரை ஏன் ஏற்கணும்? 2024 ஜூலையில் அப்ரைசல் ஃபவுண்டேஷன் இந்த நுழைவு விதி தொடர்பான விசாரணையில் மத்திய வீட்டுவசதித் துறையோடு சமரசமாகி, 12.2 லட்சம் டாலர் உதவித்தொகை நிதிக்கு ஒப்புக்கொண்டது. பயிற்சியாளர் கிடைக்காதவர்கள் கணினி வழியாகவே அனுபவம் பெறும் திட்டம் ஒன்றை இன்ஸ்டிடியூட்டும் 2023இல் தொடங்கியிருக்கிறது. அது நல்ல வேலை. உட்சண்டைகளுக்கு நடுவிலும் யாரோ அதை உட்கார்ந்து செய்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லணும்.

அந்தக் குடும்பம் குறைவான எண்ணைப் பற்றி எங்கே புகார் செய்யும்? மாநில உரிம வாரியத்தில் செய்யலாம், வீட்டுவசதித் துறையில் செய்யலாம். சங்கத்திடம் செய்தால், அதிகபட்சம் மூன்று எழுத்தைப் பறிக்கலாம், அதுவும் அந்த மதிப்பீட்டாளர் உறுப்பினராக இருந்தால்தான். வீடுகளை மதிப்பிடுபவர்களில் பெரும்பாலானவர் உறுப்பினரே இல்லை. 1933இல் ஒரு பட்டியலை நாடு முழுக்கப் பாடமாக்கும் சக்தி அந்தத் தொழிலின் சங்கங்களுக்கு இருந்தது. அந்தப் பாடத்தை இன்றைக்குத் தெருத்தெருவாகப் போய்த் திரும்ப வாங்கும் சக்தி மிச்சமிருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம்.

அமெரிக்காவில் லாப நோக்கமற்ற சங்கங்கள் வருடா வருடம் வரித்துறைக்குக் கொடுக்கும் படிவம் 990 பொதுவில் கிடைக்கும். யாருக்கு எவ்வளவு சம்பளம், வக்கீல் செலவு எவ்வளவு, சந்தா வரவு எவ்வளவு என்று வரி வரியாக இருக்கும். நாவல் படிப்பவர்கள் இருக்கிறார்கள், நான் சில இரவுகளில் இதைப் படிக்கிறேன். 2025ஆம் வருடத்துக்கான படிவம் வந்ததும் சட்டச் செலவு வரியைத்தான் முதலில் பார்ப்பேன். அதற்கு அடுத்ததாகச் சந்தா வரவை.